சந்திரம்மாவின் சாபமும் மூட்டைப் பவுடரும்

யசோதாவுக்குக் கைதான் முதலில் பேசும். வாய் அப்புறம் வரும். புத்தி அதற்கும் அப்புறம், ஆற அமர, ஆடி அசைந்து வரும். மர்பி டவுனில் அவள் இருந்த காம்பவுண்டில் மொத்தம் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் இது தெரியும். தண்ணி லாரி கிளீனருக்கு இன்னும் நன்றாகவே தெரியும். வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு வேண்டியவர்கள் குடத்துக்கு ரப்பர் குழாயைத் திருப்பினான் என்று ஒரு நாள் அவள் விட்ட அறையில், அவனுக்கு மூன்று நாள் காது கேட்கவில்லை.

பிறக்கும்போதே அந்தக் கை அப்படி இல்லை. பத்தொன்பது வயதில் ஈஜிபுராவில் சுந்தரம் என்கிற பெயிண்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் அடிப்பான். உப்பு கம்மி என்றால் அடி, ஜாஸ்தி என்றால் அடி. வேலை கிடைத்த நாள் குடித்துவிட்டு அடிப்பான், கிடைக்காத நாள் குடிக்காமல் அடிப்பான். ஆறு வருஷம் வாங்கினாள். ஒரு நாள் அவள் துவைகல்லில் துணி அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து இடுப்பில் உதைத்தான். பாவி, கையில் கட்டை இருக்கும் நேரமாகப் பார்த்தா உதைப்பான்? அவள் திரும்பினாள். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. அந்தத் துணி அடிக்கிற கட்டையை ஈரப் புடவையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, செத்துப்போன அம்மா குடியிருந்த மர்பி டவுன் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அது தொண்ணூற்றொன்று.

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். யசோதாவுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அடிதான் உதவியது. அன்றிலிருந்து எதற்கும் அதுதான் மருந்து என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பொல்லாத நம்பிக்கை அது.

வீடு வீடாகத் துணி வாங்கித் துவைத்துப் பிழைத்தாள். காம்பவுண்டின் பின்சுவரோரம் செங்கல் உடைசலும் கண்ணாடிச் சில்லும் கொட்டிக் கிடந்த இடம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரரைக் கேட்டாள், என்னவோ பண்ணிக்கோ என்று விட்டார். கடப்பாரை போட்டு அவளே கொத்தினாள். கை கிழிந்தது, காலில் கண்ணாடி ஏறியது. நாலு வாழை, ஒரு முருங்கை, இரண்டு பாத்தி கீரை, சுவர் மூலையில் ஒரு கறிவேப்பிலை. துவைகல்லிலிருந்து மண்ணைக் கீறி வாய்க்கால் எடுத்து, துணி அலசிய தண்ணீரை அப்படியே செடிக்கு விட்டாள். மஞ்சள் பார் சோப்பு ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த சோப்பு. பன்னிரண்டு வருஷம் அந்தத் தண்ணீர் குடித்துத்தான் தோட்டம் தழைத்தது. துவைச்ச தண்ணி செடிக்கு உரம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வாள். உலகத்தில் இது என்னுது என்று அவள் விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடம் அது ஒன்றுதான். ஒரு குடிகாரன் சுவர் ஏறி வந்து கீரைப் பாத்தியில் ஒன்றுக்குப் போனான். கட்டையால் முழங்காலில் ஒரே போடு. தவழ்ந்துதான் வெளியே போனான்.

பக்கத்து வீடு சந்திரம்மா. தங்கவயல் பக்கத்திலிருந்து வந்தவள், ஐம்பதைத் தொட்ட விதவை, மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். தொழில் ஊதுபத்தி உருட்டுவது. தாழ்ந்த பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கரி மாவைக் கிள்ளி வைத்து, மூங்கில் குச்சியை அதன்மேல் வைத்து உள்ளங்கையால் ஒரே இழுப்பு. ஒரு நாளைக்கு நாலாயிரம் குச்சி. அவள் வலது கைதான் வாடகை கட்டியது, அடுப்பெரித்தது, மகளுக்குத் தீபாவளிப் புடவை எடுத்தது. இரண்டு பேருக்கும் ஒட்டும் உண்டு, உரசலும் உண்டு. கறிவேப்பிலையைக் கேட்டுப் பறிப்பாள் சந்திரம்மா. கேட்காமல் பறித்த மற்ற வீட்டுக்காரர்களை யசோதா வாயாலேயே உரித்துவிடுவாள்.

இரண்டாயிரத்து மூன்று பிறந்தது. மழை பொய்த்த சமயம். காம்பவுண்டில் அடிபம்பின் உப்புத் தண்ணிதான் புழக்கத்துக்கு. குடிக்கிற காவேரித் தண்ணி தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தரம், வீட்டுக்கு நாலு குடம். அப்போதுதான் ஈஜிபுராவில் ஒரு பிஜி ஹாஸ்டலின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் யசோதாவிடம் வந்தன. மேனேஜர் ராஜேஷ்குமார், தர்மபுரிப் பையன். விரிப்போடு மூட்டையாகச் சோப்புப் பவுடரும் இறக்கினான், கூடவே பிளீச்சிங் பொட்டலம்.

"ஆன்ட்டி, எங்க கஸ்டமர் எல்லாம் ஐ.டி. ஆளுங்க. பெட்ஷீட்டு பளிச்சுனு இருக்கணும். பார் சோப்பு வேண்டாம், இதையே போடுங்க. இன்னொண்ணு, இந்தத் தண்ணிய சாக்கடைல விட்டுடுங்க."

யசோதா சிரித்துவிட்டாள். "ஊரே கொடத்துக்கு அடிச்சிக்குது. தண்ணிய சாக்கடைல விட நான் என்ன மைசூர் மகாராணியா தம்பி?"

நல்ல வார்த்தை ஒன்று அன்றைக்கு அவள் காதருகில் வந்து, உள்ளே இடமில்லாமல் திரும்பிப் போனது.

நுரை பொங்கப் பொங்கத் துவைத்தாள். அத்தனையும் தோட்டத்துக்குப் போயிற்று. பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் வாய்க்காலை நுரையும் நூலும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் வழி மாறி முற்றத்தில் பாய்ந்தது. அங்கே சந்திரம்மா சாக்கு விரித்துப் பத்திகளைக் காயப்போட்டிருந்தாள். முழுநாள் உழைப்பு கரிக்கூழாகிவிட்டது. அவள் ஓடி வந்து பார்த்தாள், வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

"என் பொழப்புல மண்ணப் போட்டியேடி. சொல்றேன் கேட்டுக்கோ. இந்தத் தண்ணி போற எடமெல்லாம் கருகிப் போகும்."

யசோதாவின் கை எழுந்தேவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தியோடர் குறுக்கே வந்து மணிக்கட்டைப் பிடித்ததால் அன்றைக்கு அடி விழவில்லை. தியோடருக்கு முழங்கையில் கீறல்தான் மிச்சம்.

பத்தே நாள். கீரை இலைகளின் ஓரம் தீய்ந்தது. வாழைக்குருத்து விரியாமல் பழுப்பேறி நின்றது. முருங்கை இலையையெல்லாம் கொட்டித் தீர்த்தது. வாடுகிற செடிக்கு என்ன செய்வார்கள்? யசோதா தனக்குத் தெரிந்த உரத்தைக் கூடுதலாக ஊற்றினாள். காலையில் நாலு வாளி விட்டவள் சாயங்காலமும் நாலு வாளி விட்டாள். செடி இன்னும் கருகியது, இவள் இன்னும் ஊற்றினாள். ஊற்றும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் ஒரு விடியற்காலை. பம்படிக்குப் போக யசோதா கதவைத் திறந்தால், தோட்டத்து மூலையில் கறிவேப்பிலைக்குக் கிட்டே சந்திரம்மா குந்தியிருக்கிறாள். கையில் கறுப்புப் பிளாஸ்டிக் கேன். அதிலிருந்து மஞ்சளாக என்னவோ வேரில் இறங்குகிறது. ஆசிட் என்று யசோதாவின் மனம் சொன்னதா, கை சொன்னதா, யாருக்குத் தெரியும். கட்டை கைக்கு வந்தது. காலடிச் சத்தம் கேட்டு சந்திரம்மா எழுந்து, கேனை மூடி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறைத்ததுதான் கெட்டது.

"யசோ, நில்லு, நான் சொல்றத..."

முதல் அடி தோளில். சந்திரம்மா விழுந்தாள், கேன் உருண்டது. இரண்டாவது அடிக்கு அவள் வலது கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கினாள். பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. கையை மடித்துக்கொண்டு சுருண்டவள்மேல் மூன்றாவதாகவும் ஓங்கினாள். தியோடர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகாவிட்டால் அது தலையில் விழுந்திருக்கும். தூக்கிப்போகும்போதும் காலை உதைத்துக்கொண்டு, "என் தோட்டத்தக் கொன்னுட்டா, என் தோட்டத்தக் கொன்னுட்டா" என்று கத்தினாள். சந்திரம்மாவின் மணிக்கட்டு அப்போதே வீங்கிக் கோணிக்கொண்டது. அவள் அழக்கூட இல்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியோடர்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீஸ் கேஸா என்று கேட்டார்கள். துவைகல்லில் வழுக்கி விழுந்தேன் என்று சந்திரம்மா சொல்லிவிட்டாள். திரும்பி வந்த தியோடர் யசோதா வாசலில் நின்று சொன்னார்: "வழியெல்லாம் ஒரே பேச்சு. என் வாய்க்கு இது வேணும், என் வாய்க்கு இது வேணும்ங்குது. என்ன விஷயம்னு எனக்குத் தெரியல. ஆனா நீ செஞ்சது பாவம் யசோதா."

"அவளே ஒத்துக்கிட்டா பாத்தியா அண்ணே" என்றாள் யசோதா. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. பத்தி கான்ட்ராக்டர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் குச்சியையும் மாவையும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஓசூரிலிருந்து மகள் வந்து ஒரு வாரம் இருந்தாள், அதற்குமேல் மாமியார் விடவில்லை. சந்திரம்மா இடது கையால் கஞ்சி வைத்துக் குடித்தாள். யசோதாவைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். அடித்தவள் நிமிர்ந்து நடந்தாள், அடிவாங்கியவள் குனிந்து நடந்தாள்.

ஆனால் தோட்டம் பிழைக்கவில்லையே. ஆசிட் ஊற்றுகிற கையை ஒடித்தாகிவிட்டது, இனித் துளிர்க்க வேண்டாமா? ஏப்ரலில் கீரைப் பாத்தி சுத்தமாகப் போயிற்று. வாழை இரண்டு சாய்ந்தது. மண் தார்போட்ட மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றது. ஒரு நாள் சாய்ந்த வாழையை வெட்டி இழுக்கும்போது யசோதா தலை தூக்கிப் பார்த்தாள். தோட்டம் முழுக்கக் கருகியிருக்க, சுவர் மூலையில் கறிவேப்பிலை மட்டும் துளிர்விட்டிருந்தது. சந்திரம்மா ஊற்றிய இடம்.

யசோதா அப்படியே உட்கார்ந்தாள். இழுத்த வாழைச் சருகுக்கு அடியில் அந்தக் கறுப்புக் கேன் கிடந்தது. மூடி போட்டபடி, உள்ளே பாதி ததும்பியது. திறந்து முகர்ந்தாள். நெடி இல்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்தாள். மஞ்சள் தூள் அடியில் தங்கியிருந்தது, நாலு வேப்பிலை ஊறி நைந்திருந்தது. நாக்கில் வைத்தாள். வேம்பு கசந்தது, பம்பு தண்ணியின் உப்பு இல்லை. காவேரித் தண்ணி. மூன்று நாளைக்கு நாலு குடமாகக் கிடைக்கிற குடிதண்ணி.

ரொம்ப நேரம் ஆகவில்லை அவளுக்குப் புரிய. கருகிப் போகும் என்று வாய்விட்டவள், கருகினதும் தன் வாயே பலித்துவிட்டது என்று பயந்திருக்கிறாள். விட்ட சாபத்தைத் திரும்ப எடுக்க, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, தான் குடிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து விடியுமுன் ஊற்றியிருக்கிறாள். என் வாய்க்கு இது வேணும் என்றால் அதுதான் அர்த்தம்.

அப்படியென்றால் கொன்றது எது? யசோதா மண்ணைப் பார்த்தாள். வாய்க்கால் நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி அதையும் நாக்கில் வைத்தாள். கரித்தது, எரிந்தது. விரிப்பு துவைக்கும்போது கையில் எரிகிற அதே எரிச்சல். காறித் துப்பிவிட்டு எழுந்தாள்.

அவளுக்குப் படிப்பு இல்லை. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியை அடித்தாகிவிட்டது, இந்த முறை நிச்சயம் வேண்டும் என்று இருந்தது. மளிகைக்கடையில் பழைய எண்ணெய் டின் ஐந்து வாங்கி, வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, வெளியிலிருந்து நல்ல மண் நிரப்பி முளைக்கீரை விதைத்தாள். இரண்டு இலை விட்டதும் முதல் டின்னுக்கு வெறும் பம்பு தண்ணி. இரண்டாவதற்கு மஞ்சள் பார் சோப்பில் துவைத்த தண்ணி. மூன்றாவதற்கு, பட்டுப்புடவை அலச வைத்திருக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துத் துவைத்த தண்ணி. நாலாவதற்கு மூட்டைப் பவுடர் தண்ணி. ஐந்தாவதற்குப் பவுடரோடு பிளீச்சிங். எது எது என்று தெரிய டின்னுக்குள் ஒன்று, இரண்டு என்று கூழாங்கல் போட்டாள். ஐந்தாவது மூன்றே நாளில் வெந்துபோயிற்று. நாலாவது ஓரம் தீய்ந்து, வெளுத்து, பத்தாம் நாள் தலை சாய்த்தது. பார் சோப்பு டின் கொஞ்சம் குள்ளம், ஆனால் உயிரோடு இருந்தது. பூந்திக்கொட்டை டின் வெறும் தண்ணி டின்னோடு போட்டி போட்டு வளர்ந்தது.

அன்றே ஈஜிபுராவுக்குப் பஸ் ஏறினாள். பழியை இறக்க ஒரு தலை வேண்டியிருந்தது. ராஜேஷ்குமார் ஹாஸ்டல் வாசலில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஏன்டா, விஷத்தையா மூட்டை கட்டி அனுப்புன?" என்று கேட்டுக்கொண்டே அறைந்தாள். செல்போன் தெறித்துப் படியில் உடைந்தது. இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. வாட்ச்மேன் ஓடி வந்து அவளைத் தரையில் தள்ளினான். அவள் எழுந்து, அங்கே அடுக்கியிருந்த பவுடர் மூட்டையில் ஒன்றை இழுத்துக் கிழித்தாள். பவுடர் வாசல் முழுக்கக் கொட்டி எல்லோரும் இருமினார்கள்.

ராஜேஷ்குமார் உதட்டைத் துடைத்துக்கொண்டான். கோபத்தைவிட அவனுக்கு ஆச்சரியம்தான் அதிகம். "மொத நாளே சொன்னனே ஆன்ட்டி. சாக்கடைல விடுங்கன்னு சொன்னனா இல்லையா? நீங்கதான மகாராணியான்னு கேட்டீங்க?"

யசோதாவின் கை பாதி தூக்கியபடி நின்றது. பவுடர் படிந்த கை. அவன் சொன்னதுதான் நிஜம். அடிக்க வேறு ஆள் மிச்சமில்லை. இனி இந்தப் பக்கம் வராதீங்க என்று அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அந்த நினைப்பு வந்தது. வராமல் இருக்குமா? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. காம்பவுண்டே சந்திரம்மாவின் வாயைத்தான் குற்றம் சொல்கிறது, சந்திரம்மாவும் அப்படியே நம்புகிறாள், சாகிற வரைக்கும் நம்புவாள். சொன்னால், மூன்றாம் மனுஷர் யாரும் இல்லாமல், பாவம் முழுக்க இவள் தலையில். அல்சூர் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தவள் டின்னைத் தூக்கிப் போடவில்லை.

மறுநாள் காலை யசோதா கருகின டின் ஒன்றையும் தழைத்த டின் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் போனாள். சந்திரம்மாவுக்குக் கட்டுப் பிரித்து நாலு நாள் ஆகியிருந்தது. மணிக்கட்டு ஒரு பக்கம் கோணலாகக் கூடியிருந்தது. கான்ட்ராக்டர் கையைக் காலைப் பிடித்து ஆயிரம் குச்சிக்கு மாவு வாங்கி வந்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை ஆடியது, கை நடுங்கியது, பத்திகள் முடிச்சு முடிச்சாக வந்தன.

"அக்கா, உன் சாபம் இல்ல" என்றாள் யசோதா. "பவுடரு. ஆஸ்டல்காரன் பவுடரு. சாக்கடைல விடுன்னான், நான்தான் செடிக்கு விட்டேன். நீ ஊத்துனது தண்ணி. அது ஒண்ணுதான் துளுத்துருக்கு." இரண்டு டின்னையும் முன்னால் வைத்தாள். "நீ ஒண்ணுமே பண்ணல அக்கா."

சந்திரம்மா டின்னைப் பார்த்தாள், யசோதாவைப் பார்த்தாள், தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "ரெண்டு மாசம்டி" என்றாள். "இந்த நாக்கப் புடுங்கிப் போடலாமான்னு ரெண்டு மாசமா இருந்தேன். கை போனா போகட்டும், தப்பு என்னுதுன்னு இருந்தேன்."

"தெரியும் அக்கா."

"அன்னைக்கே சொல்ல வந்தேன். சொல்ல விட்டியா நீ?"

கக்கத்திலிருந்த கட்டையை யசோதா கையில் எடுத்துக் கீழே இறக்கினாள்.

"அந்தக் கட்டைய இங்க குடு."

கொடுத்தாள். சந்திரம்மா இடது கையில் வாங்கிக்கொண்டு எழுந்தாள். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். இரண்டு மாசத்துக் கஞ்சியும் குனிந்த தலையும் அந்த அடியில் இருந்தன. தியோடர் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். "நீ போ அண்ணே" என்றாள் யசோதா. இரண்டு கையையும் தொங்கவிட்டபடியே நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கை முந்தவில்லை. மூன்றாவது அடி அவள் வலது புறங்கையில் இறங்கியது. இடது கைக்கு எலும்பை உடைக்கும் பலமில்லை, தோல் கிழிந்து ரத்தம் வந்தது. சந்திரம்மா மூச்சு வாங்கினாள், பிறகுதான் அழுதாள். இவளும் அழுதாள்.

அழுது முடித்து சந்திரம்மா மூக்கைச் சிந்தினாள். கட்டையைத் திருப்பித் தரவில்லை. ஆடிக்கொண்டிருந்த பலகைக்கு அடியில் அதைக் கொடுத்து முட்டு வைத்தாள். அழுத்திப் பார்த்தாள், பலகை ஆடவில்லை.

"உக்காரு" என்றாள். "எனக்கு மாசத்துக்கு லட்சம் குச்சி ஓடிட்டிருந்தது. யாரு உருட்டுவா?"

யசோதா உட்கார்ந்தாள். மாவைக் கிள்ளி, குச்சியை வைத்து, ஒரே அழுத்தில் நசுக்கினாள். சந்திரம்மா மூங்கில் குச்சியால் அவள் விரல் முட்டியில் ஒன்று போட்டாள். மறுபடி உருட்டினாள், மறுபடி ஒன்று. பத்தாவது குச்சி ஏதோ பத்தி மாதிரி வந்தது. சந்திரம்மா அதை எடுத்து மூக்கருகில் கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள்.

"பவுடர் நாத்தம் ஏறுது. நாளைக்கு வர்றப்ப பூந்திக்கொட்டை போட்டுக் கைய நல்லாக் கழுவிட்டு வா" என்றாள். "அந்தத் தண்ணிய கறிவேப்பிலைக்கு ஊத்திடு."